ஆயருக்குச் சம்பளம் கொடுத்தபின் சபையாருக்கு என்ன வேலை?

"காணிக்கை போட்டு ஆயருக்குச் சம்பளம் தருகிறோம், ஜெபக்கூட்டம், வீடு சந்திப்பு எல்லாம் அவர் பொறுப்புதானே?" என்று சேலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பாதிதான் சரி. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை நடத்த குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். திருமணம் என்றால் 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இருக்கிறது. எவ்வளவு பக்தியான அண்ணனாக இருந்தாலும், உரிய அதிகாரம் இல்லாமல் நடத்திவைக்க முடியாது. சம்பளமும் நியாயமானதே, 1 கொரிந்தியர் 9:14 அதற்கு இடம் தருகிறது. (அதை எழுதிய பவுலே கூடாரம் செய்து பிழைத்தவர் என்பது வேறு விஷயம்.) போதிக்கிறவரிடம் கேட்கப்படும் கணக்கும் கடுமையானது, யாக்கோபு 3:1 பாருங்கள்.

ஆனால் எபேசியர் 4:12-இன்படி, மேய்ப்பர் கொடுக்கப்பட்டதே விசுவாசிகளை ஊழியத்துக்குத் தயார்படுத்தத்தான். ஏற்காடு எஸ்டேட் பக்கம் யோசித்துப் பாருங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஆயர் வந்து சேரும்வரை சாயங்கால ஜெபம் காத்திருக்குமா? காபிப் பழம் பறித்துவிட்டு வந்த அக்கா, கைகால் கழுவிக்கொண்டு பாட்டை ஆரம்பித்துவிடலாம். சேலம் ஜிஎச்சில் படுத்திருப்பவருக்கு ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோக எந்தப் பட்டமும் வேண்டாம். இதையும் ஆயர் தலையில் கட்டுவது, என்னைக் கேட்டால், வெறும் சோம்பேறித்தனம்.

பணம், பந்தி விவகாரம் இன்னும் தெளிவு. அப்போஸ்தலர் 6-இல் விதவைகளுக்கான அன்றாடப் பங்கீட்டில் முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர்கள் தாங்களே அதைச் சுமக்கவில்லை. சபையார் தேர்ந்தெடுத்த ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். உங்கள் சேகரக் கமிட்டியில் (ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழுவில்) காசாளராக இருக்க ஆள் கேட்டால், முதலில் நீங்கள் கை தூக்குங்கள்.