டிராக்டரும் ரோட்டவேட்டரும்: கேள்வி பதில்

டீசல் தீர்ந்து நின்னுடுச்சு அண்ணா. டீசல் ஊத்தியாச்சு, செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல.

டீசல் லைன்ல ஏர் புகுந்திருக்கு. செல்ஃபையே அடிச்சுக்கிட்டிருந்தா பேட்டரிதான் தீரும். டீசல் ஃபில்டர் தலையில இருக்கிற ஏர் ஸ்குருவை ரெண்டு சுத்து தளர்த்தி, ஃபீட் பம்பில (டேங்குல இருந்து டீசலை இழுக்குற பம்பு) இருக்கிற கைப்பம்பை அடிங்க. முதல்ல நுரையா வரும். குமிழி இல்லாத டீசல் வந்ததும், பம்பு அடிச்சுக்கிட்டே ஸ்குருவை இறுக்கணும். ரெண்டு ஃபில்டர் இருந்தா டேங்க் பக்கம் இருக்கிறதுதான் முதல்ல. அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப் ஸ்குரு. அப்பவும் பிடிக்கலைன்னா நாசில் (இன்ஜினுக்குள்ள டீசலைப் பீய்ச்சுறது) பைப் நட்டுகளை அரைச் சுத்து தளர்த்தி செல்ஃப் அடிங்க, டீசல் கசிஞ்சதும் இறுக்கிடுங்க. கையை அங்க வைக்கவே வைக்காதீங்க, அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். செல்ஃப் ஒரு தடவைக்கு 10 நொடி போதும்.

அதே மாதிரி ஏர் எடுத்தேன். மறுநாள் காலையில திரும்பவும் அதே கதை.

அப்போ எங்கேயோ ஏர் இழுக்குது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல இருக்கிற ஹோஸ் கிளிப், செம்பு வாஷர் ரெண்டையும் பாருங்க. அந்தப் பக்கம் பம்பு உறிஞ்சுற பக்கம். சொட்டு டீசல் வெளியே வராமலேயே காத்து உள்ளே போகலாம். ஈரம் இருக்கான்னு தேடி ஏமாறாதீங்க. பழைய வாஷரைத் திரும்பப் போடாம புதுசு போடுங்க.

செல்ஃப் 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர் ரெண்டையும் கழட்டிச் சுரண்டி இறுக்குங்க. மைனஸை முதல்ல கழட்டி, கடைசியா மாட்டணும். நல்லா சார்ஜ் ஏறின பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். அது சரியா இருந்தா சோலனாய்டை, அதாவது செல்ஃபுக்குக் கரண்ட் விடுற சுவிட்சைப் பாருங்க.

ரோட்டவேட்டரை (பிளேடு சுத்தி மண்ணைக் கிளறுற கருவி) டிராக்டரோட இணைக்கிற ஷாஃப்டைக் கழட்டி கிரீஸ் வெச்சு மாட்டினேன். அதுக்கப்புறம் வண்டியே அதிருது.

ஷாஃப்டை 90 டிகிரி திருப்பி மாட்டியிருப்பீங்க. சதுர ட்யூபுல இது சுலபமா நடக்கும். நடுவுல சேருற ரெண்டு கவட்டையும் ஒரே கோட்டுல இருக்கணும். மாறிப்போனா ஒரு கிராஸ் (கவட்டைகளை இணைக்கிற சிலுவை மாதிரி மூட்டு) உண்டாக்குற வேக ஏற்ற இறக்கத்தை இன்னொண்ணு ஈடுகட்டாது, ரெண்டும் கூடிடும். அப்படியே ஓட்டினா முதல்ல கிராஸ் போகும், அப்புறம் கியர்பாக்ஸ் பேரிங். ட்யூபுகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மூணுல ஒரு பங்காவது ஏறியிருக்கணும். இதெல்லாம் சரியா இருந்தும் அதிர்ந்தா பிளேடு ஏதாவது உடைஞ்சிருக்கா, போல்ட் லூசான்னு பாருங்க. இன்ஜினை அணைச்சு, சாவியை எடுத்து, ரோட்டவேட்டருக்கு முட்டுக் கொடுத்துட்டுத்தான் கீழே கை விடணும்.

திருப்பத்துல தூக்கும்போது மட்டும் 'கடகட'ன்னு வருது.

ரொம்ப உயரம் தூக்குறீங்க. ஷாஃப்ட் கோணம் கூடுது. பிளேடு மண்ணை விட்டு வெளியே வந்தா போதும். அதுக்கு மேல தூக்கணும்னா பீட்டிஓவை, அதாவது ரோட்டவேட்டரைச் சுத்த வைக்கிற டிராக்டரோட பின்பக்கச் சுழற்சியை நிறுத்திடுங்க. உழும்போது ரோட்டவேட்டர் கியர்பாக்ஸ் ஷாஃப்டும் டிராக்டர் பீட்டிஓ ஷாஃப்டும் இணையா இருக்குற மாதிரி டாப் லிங்கை, அதாவது ரோட்டவேட்டரை மேல்பக்கம் டிராக்டரோட இணைக்கிற கம்பியைச் சரிபண்ணுங்க.

சேத்துழவுக்கு அப்புறம் ஹைட்ராலிக் ஆயில் பால் மாதிரி இருக்கு.

தண்ணி கலந்திருக்கு. மேல புது ஆயில் ஊத்திச் சமாளிக்க முடியாது. ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்சு, காலையில இன்ஜினை எடுக்காம ட்ரெயின் பிளக்கை மெதுவாத் திறந்தா அடியில தங்கின தண்ணி முதல்ல வரும். முழுசா இறக்கி, ஃபில்டரையும் மாத்துங்க. தண்ணி பூந்த வழியை அடைக்கலைன்னா அடுத்த சேத்துலயும் இதே கதைதான். பீட்டிஓ சீல், அச்சு சீல், கியர் லிவர் ரப்பர், பிரீதர் (காத்து போய் வர்ற துளை) நாலையும் பாருங்க. இன்ஜின் ஆயிலே பால் நிறமா இருந்தா அது வேற விஷயம், ஹெட் கேஸ்கெட்டோ லைனர் ரப்பரோ போயிருக்கலாம், வண்டியை எடுக்காதீங்க.