ட்ரவுட் ஆற்றங்கரையில் ஒரு வீடு

அன்புள்ள சார்,

இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றுக்கு நீங்கள் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனைப் பிடிக்கப் போய்வந்ததைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வயது 34, வீட்டிலிருந்தே வேலை. ராத்திரி இரண்டு மணி வரை, செயற்கைப் பூச்சியை வைத்துத் தூண்டில் வீசும் ஃப்ளை ஃபிஷிங் காணொளிகள் பார்க்கிறேன். லாஸ்பேட்டையில் அப்பா வாங்கிப்போட்ட மனை ஒன்று இருக்கிறது. அதை விற்றுவிட்டு இமாச்சலத்திலோ நீலகிரியிலோ ட்ரவுட் ஆற்றுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கலாமா என்று யோசனை. "மீன் வேணும்னா பெரிய மார்க்கெட்டுக்குப் போ" என்கிறார் அம்மா. "தூண்டில் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, நம்ம ஆளுங்களுக்கு வலைதான்" என்கிறான் நண்பன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர., புதுச்சேரி

அன்புள்ள ர.,

மனையை விற்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூண்டில் பேச்சு ஆரம்பித்தால் மறந்துவிடுவேன்.

இமாச்சலத்தில் விவசாயி அல்லாதவர் நினைத்தபடி நிலம் வாங்க முடியாது. 1972ஆம் வருடத்து நிலச் சட்டத்தில் 118ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அரசு அனுமதி வேண்டும். சரி, வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை, அது முட்டையிடும் காலம். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அதைப் போல இரண்டு மடங்கு. அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் ஆறு கலங்கி ஓடும். மிச்ச நாட்களை எண்ணிப் பாருங்கள். அதற்கு வீடு எதற்கு, ஓர் அறை போதாதா?

நீலகிரி பக்கத்தில் இருக்கிறதே என்பீர்கள். அங்கே ட்ரவுட்டே வந்தேறி. 1860களில் ஃப்ரான்சிஸ் டே என்ற மீன் ஆய்வாளர் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1900களின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் கையில்தான் அது பிழைத்தது. அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் வந்ததும் அப்போதுதான். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும். 20 டிகிரியைத் தாண்டினாலே ட்ரவுட் தடுமாற ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட உயரத்து ஓடைகளில் பல இன்று முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. வனத்துறையைக் கேட்காமல் உள்ளே கால் வைக்க முடியாது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும் நினைவிருக்கட்டும். கடலூரில் ஒரு வருஷம் பெய்கிற மழையில் பாதிக்கும் மேல் அது. தானே புயலில் கூரையைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன், இயற்கைக் காட்சிக்குப் பக்கத்தில் குடியிருப்பது வேறு, பார்த்துவிட்டு வருவது வேறு.

உங்கள் நண்பருக்கு ஒரு வார்த்தை. குறுந்தொகையின் 54ஆம் பாட்டைப் படிக்கச் சொல்லுங்கள். தினைப்புனம் காப்பவர்களின் கவண் சத்தத்துக்கு மிரண்ட யானை, வளைத்த மூங்கிலைக் கைவிடுகிறது. மீன் மாட்டியதும் சட்டென்று மேலே போகும் தூண்டிலைப் போல அந்த மூங்கில் நிமிர்கிறது. எழுதியவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது, இந்த உவமையை வைத்து மீனெறி தூண்டிலார் என்றே அழைக்கிறோம். மலையைப் பாட வந்தவருக்குத் தூண்டில்தான் ஞாபகம் வந்திருக்கிறது. வெள்ளைக்காரனாம்!

தீர்த்தனில் முதல் ஒரு மணி நேரம் நான் பிடித்தவை: ஒரு மரக்கிளை, என் ஸ்வெட்டர், மறுபடியும் அதே கிளை. நம் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நூல் அதன் பின்னால் போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சிக்குக் கனமே கிடையாது. கனமெல்லாம் நூலில். நூலைப் பின்னால் வீசி, அது முழுக்க நீளும் வரை ஒரு நொடி பொறுத்து, பிறகுதான் முன்னால் வீச வேண்டும். எனக்கு அந்த ஒரு நொடி பொறுக்கவில்லை. நூல் சவுக்கு மாதிரி சொடுக்கி, இரண்டு பூச்சிகள் அறுந்து எங்கேயோ போய்விட்டன.

கூட வந்த உள்ளூர்ப் பையன் கம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஆற்றில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினான். அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, விரல் நகத்தைவிடச் சின்னதாக ஏழெட்டுப் பூச்சிகள். மூன்று வால், இரண்டு பக்கமும் விசிறி மாதிரி அசையும் செவுள்கள். மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடந்து, ஒருநாள் சிறகு முளைத்து மேலே வருமாம். சிறகு வந்தபின் வாய் எதற்கும் உதவாது. சாப்பிடாமலே ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் செத்துப்போகும். அவை கூட்டமாகக் கிளம்பும் நேரத்தில் ட்ரவுட் வேறு இரையை ஏறெடுத்தும் பார்க்காது. அந்தப் பூச்சியின் அளவிலும் நிறத்திலும் நம் கையில் ஒன்று இருந்தால்தான் உண்டு.

எனக்கு உடனே ஈசல் ஞாபகம் வந்தது. பூச்சி இனம் வேறு, சங்கதி ஒன்றுதான். திருவந்திபுரத்தில் மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பினால், பாட்டி விளக்கடியில் தண்ணீர்த் தாம்பாளம் வைப்பார், வறுக்க. நாங்கள் ஒரு பிடி திருடிக்கொண்டு கெடிலம் ஆற்றுக்கு ஓடுவோம். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையைக் கழற்றிவிட்டு, மண்புழுவை எறிந்துவிட்டு, முள்ளில் ஒரு ஈசலைக் குத்தி மேலாக மிதக்கவிட்டால் கெண்டை பாய்ந்து வரும். அன்றைக்கு மண்புழுவை அது முகர்ந்துகூடப் பார்க்காது. எது கிளம்புகிறதோ அதைக் கொடு. இவ்வளவுதான் ஃப்ளை ஃபிஷிங். கம்பும் ரீலும் ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள், அது வியாபாரம்.

புதுச்சேரிக்காரரான உங்களுக்கு ஓர் உபரித் தகவல். வெள்ளைக்காரர்கள் சால்மன் மீனுக்குக் கட்டிய பகட்டுப் பூச்சிகளில் கண் மாதிரி வைத்தது நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகை. அரக்கு வைத்தாற்போல் பளபளக்கும் புள்ளிகள் அதில் இருக்கும். அந்தக் கோழியின் அறிவியல் பெயரில் இருப்பவர், உங்கள் ஊரில் நெடுநாள் இருந்த பிரெஞ்சுக்காரர் சொன்னரா. இன்று அந்தப் பறவை சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. இறகுக்கு ஆசைப்பட வேண்டாம், நாட்டுச் சேவல் போதும்.

மார்ச்சில் தடை முடிந்ததும் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு பத்து நாள் போய்வாருங்கள். அதற்கு முன் வீசப் பழக வேண்டும், தண்ணீர்கூடத் தேவையில்லை. முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூல் கட்டி, கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் காலை ஆறு மணிக்கு நான் வீசிக்கொண்டிருப்பேன். வாக்கிங் வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். போன வாரம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன பெரியவர் ஒருவர் மட்டும் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். கடல் இருக்கும் திசையைக் கையால் காட்டி, "தம்பி, தண்ணி அந்தப் பக்கம்" என்றார்.