முதுகில் 'மடக்' சத்தம் கேட்டால் வலி போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 41. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து வேலை. ஐந்து வாரத்துக்கு முன்பு மழையில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். மாத்திரை சாப்பிடும்வரை இடுப்பு வலி குறைகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. கழுத்தும் பிடித்தாற்போல இருக்கிறது. கைரோபிராக்டிக் (முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சட்டென்று அழுத்திச் செய்யும் சிகிச்சை) போனால் ஒரே நாளில் சரியாகும் என்று என் தம்பி வீடியோவாக அனுப்புகிறான். விசாரித்த இடத்தில் 12 சிட்டிங் பேக்கேஜ், அப்புறம் வலி வராமல் இருக்க மாதாமாதம் வர வேண்டும் என்கிறார்கள். போகலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இடுப்புக்குப் போய்ப் பார்க்கலாம். கழுத்தில் கை வைக்க விட வேண்டாம். 12 சிட்டிங்குக்கும் சேர்த்து இப்போதே பணம் கட்ட வேண்டாம்.

தம்பி அனுப்பிய வீடியோக்களில் 'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று பலர் நம்புகிறார்கள். அது இல்லை. நாம் விரலில் நெட்டி முறிக்கிறோமே, அதே சங்கதிதான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு கரைந்திருக்கும். மூட்டைச் சட்டென்று விலக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குழி உண்டாகிறது. 2015இல் கனடா ஆய்வாளர்கள், விரல் மூட்டில் நெட்டி முறியும் அந்த நொடியையே எம்ஆர்ஐயில் படம் பிடித்துக் காட்டினார்கள். சத்தம் வந்தும் வலி போகாதவர்கள் உண்டு. சத்தமே வராமல் வலி குறைந்தவர்களும் உண்டு.

இந்த முறை தொடங்கிய கதையும் கொஞ்சம் விசித்திரமானது. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில், காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த டி.டி. பால்மர் ஒருவரின் முதுகெலும்பை அழுத்திவிட்டு, அவருக்குக் காது கேட்க ஆரம்பித்ததாகச் சொன்னார். முதுகெலும்பு பிசகுவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்ற கொள்கை அங்கிருந்து வளர்ந்தது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆஸ்துமா, சர்க்கரை, குழந்தையின் வயிற்று வலி எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கொள்கை தவறானாலும், கை வேலையில் பலன் இருக்கிறது. அடிபட்டதும் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் காவலுக்கு நிற்பதுபோல இறுகிக்கொள்ளும். காயம் ஆறிய பிறகும் அந்தக் காவல் பலருக்கு விலகுவதில்லை. குனிந்தால் வலிக்குமோ என்ற பயத்தில் நாமும் அசையாமல் இருப்போம். அசையாததால் இன்னும் இறுகும். மூட்டில் கொடுக்கும் அந்தச் சின்ன, வேகமான அழுத்தம் வலி உணர்வைச் சற்று மட்டுப்படுத்தி, தசையைத் தளர்த்துகிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் 2017 வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயலக்கூடிய வழிகளில் சூடு ஒத்தடம், மசாஜோடு இதையும் சேர்த்திருக்கிறது. ஆனால் பலன் மிதமானதுதான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும் என்கிறது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. வலி குறைந்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாளில் நீங்கள் நடந்து, குனிந்து, நிமிர்ந்து பழகினால் பணம் வீண் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டால் அடுத்த சிட்டிங்குக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

மூன்று நான்கு தடவை போங்கள், ஒவ்வொரு தடவையும் தனியாகப் பணம் கொடுங்கள். மறுநாள் உடம்பு கொஞ்சம் நோகும், அது வழக்கம்தான். நான்காவது முடிந்தும் மாற்றம் தெரியவில்லை என்றால் ஐந்தாவதில் அதிசயம் நடக்காது.

கழுத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அரிதாக அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். நீங்கள் விழுந்தவர் வேறு. தசைநார் கிழிந்திருந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. கழுத்துக்கு மெதுவான பயிற்சியே போதும். முடி வெட்டிவிட்டுக் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுக்கிற சலூன் பழக்கத்தையும், வீட்டில் ஆண்கள் இருந்தால், விட்டுவிடச் சொல்லுங்கள்.

மாதாமாதம் போவது பற்றி ஸ்வீடனில் ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. முதல் சிகிச்சையில் நல்ல பலன் கண்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரை வலி வரும்போது மட்டும் வரச் சொன்னார்கள், இன்னொரு பிரிவினரை வலி இல்லாவிட்டாலும் இடைவெளி விட்டு வரச் சொன்னார்கள். இரண்டாவது பிரிவினருக்கு வருடத்தில் சுமார் 13 நாள் தொந்தரவு குறைவு. பலன் இல்லாமல் இல்லை, ஆனால் செலவோடு வைத்துப் பாருங்கள். 2024இல் ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி குணமான 701 பேரிடம் நடந்த ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப நடுமதிப்பாக 208 நாள் ஆனது, செய்யாதவர்களுக்கு 112 நாள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வரை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான்.

யாரிடம் போவது? அமெரிக்காவில் இதற்கு நான்காண்டுப் படிப்பும் உரிமமும் உண்டு. இங்கே கைரோபிராக்டருக்கென்று தனிக் கவுன்சில் இல்லை, வாரக்கடைசிப் பயிற்சி முடித்துவிட்டுப் போர்டு மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மேனுவல் தெரபி, அதாவது மூட்டுக்கும் தசைக்கும் கையால் செய்யும் சிகிச்சை, தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் நான் அவரிடம்தான் அனுப்புவேன், பயிற்சியும் அங்கேயே கிடைத்துவிடும்.

சிறுநீர் வராமல் தடைபடுவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொய்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலும், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டிருந்தாலும் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். எலும்பு மெலிந்திருந்தால் முதுகை அழுத்தவே கூடாது.

அப்புறம், அந்த ஓவர்லாக் மிஷின். ஸ்டூலுக்குச் சாய்மானம் இல்லை என்றால் ஒரு பழைய நாற்காலியாவது கேட்டு வாங்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை, பீஸ் எடுக்கிற சாக்கிலாவது எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள்.