வீடு வாங்கியவர்களின் கேள்விகள்

பண்டாரவளை: வாடகைக்கு விடப் பழைய வீடொன்று வாங்கினேன். முற்றத்தில் புல், பூச்செடி, கல் பதித்த பாதை எல்லாம் போட நான்கு லட்சம் கேட்கிறார்கள். மாதம் மூவாயிரம் கூடுதலாக வாடகை வரும் என்கிறார் தரகர். செய்யலாமா?

வேண்டாம். மூவாயிரம்படி பார்த்தால் வருடத்துக்கு 36,000. போட்ட காசு திரும்பிவரப் பதினொரு வருடம் தாண்டும். புல் வெட்டும் கூலியை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. முதலில் கூரை, கூரைத் தண்ணீர் இறங்கும் பீலி, அது ஓடும் கான் மூன்றையும் பாருங்கள். ஒழுகும் வீட்டில் எவரும் நிலைக்க மாட்டார்.

வெலிமடை: 10 பேர்ச் காணி, 1,100 சதுர அடி வீடு. மலேசியன் புல் பதித்தவர் 2,722 சதுர அடிக்குப் பில் போட்டார், நானும் கொடுத்துவிட்டேன். சரியா?

சரியில்லை. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அவர் வீட்டையும் சேர்த்து முழுக் காணிக்கும் காசு வாங்கியிருக்கிறார். நாடா பிடித்து அளக்காமல் கொடுத்தது உங்கள் பிழை. இன்றே அளந்து, மிச்சத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

ஹட்டன்: அண்ணா, வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமலிருக்க எட்டடி உயரத்தில் கருங்கல் மதில் கட்டினோம். ஆறு லட்சம், பாதி கடன். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஐப்பசி மழையில் நடுவில் புடைத்துவிட்டது. மழைதான் காரணம், இடித்துக் கட்ட இன்னும் காசு வேண்டும் என்கிறார் மதில் கட்டிய மேசன் பாஸ்.

தங்கச்சி, மழை மீது பழி போட அவரை விடாதீர்கள். மலையில் மழை பெய்யும் என்று தெரிந்துதானே கூலி வாங்கினார்? மதிலில் தண்ணீர் வடியக் குழாய் வைத்தாரா, பின்னால் சல்லி நிரப்பினாரா என்று பாருங்கள். வைத்திருக்க மாட்டார். எட்டடிக்குத் தண்ணீர் தேங்கினால் மதிலின் அடியில் ஒவ்வொரு சதுர அடியையும் ஏறத்தாழ 500 இறாத்தல் பாரம் தள்ளும், மண்ணின் பாரம் வேறு. கல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தாங்காது. ஐந்தடிக்கு ஒரு குழாய், அதன் பின்னால் சல்லி, மேலே மழைநீரைத் திருப்பிவிட ஒரு கான். மொத்தச் செலவில் இது சிறு பங்கு. மதிலுக்குப் பெயின்ட் அடிக்கக் காசு கேட்பவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

நானும் பெப்ரவரி வெயிலில் ஒரு வீடு பார்த்தேன். புதுப் பெயின்ட் மணத்தில் மனம் போய், மதிலில் தண்ணீர் வடிய ஓட்டை உண்டா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்தேன். கார்த்திகையில் ஓர் இரவு மதில் விழுந்தது. சமையலறைக் கதவைத் திறந்தால் முழங்கால் அளவு சேறு, அதில் அம்மாவின் அம்மி பாதி புதைந்து கிடந்தது. மகளின் அறைக்கென்று சேர்த்த காசு முழுக்க மண் அள்ளவே போனது.

பின் அறையில் யாரும் படுக்க வேண்டாம். மேலே சரிவில் வெடிப்புத் தெரிந்தால் வீட்டை விட்டு வெளியேறி, கிராம சேவகரிடம் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் லயங்களே மண்ணுக்குள் போனதை மறக்க முடியுமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கிடைக்கும்வரை ஒரு கல்லையும் தொட விடாதீர்கள். படம் எடுத்து, காசு கொடுத்த துண்டுகளைச் சேர்த்து மத்தியஸ்த சபைக்குப் போங்கள். பிழை உங்களுடையதல்ல.

தலவாக்கலை: மணல் ஒரு கியூப் என்று கொட்டினார்கள். குறைவாகத் தெரிகிறது.

கொட்டும் முன் லொறிப் பெட்டியை அளக்க வேண்டும். ஒரு கியூப் 100 கன அடி. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 80தான். கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும், அது சட்டம். மறுத்தால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுங்கள்.

நுவரெலியா: ஏப்ரலில் வீடு பார்க்கப் போகிறோம். நல்ல காலமா?

ஜூனில் நல்ல மழை நாளில் போங்கள். பூந்தோட்டத்தை விட்டுவிட்டு, சமையலறைக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்று பாருங்கள்.