போர் தண்ணீரில் குரோமியம்: டி.டி.எஸ். மீட்டர் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. முந்நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) வாங்கி போர் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், 870 காட்டுகிறது. "ஆயிரத்துக்குள் இருந்தால் பயமில்லம்மா" என்கிறார் போர் போட்டவர். இங்கே நிலத்தடி நீரில் குரோமியம் இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்களே, இந்த மீட்டர் அதைக் காட்டுமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: காட்டாது. ஏன் என்பதை உங்கள் அடுப்பங்கரையிலேயே பார்த்துவிடலாம். ஒரு டம்ளர் கேன் தண்ணீரில் மீட்டரை விடுங்கள். ஐம்பது, அறுபது என்று ஏதோ ஓர் எண் வரும். ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டு நன்றாகக் கலக்கி மறுபடி விடுங்கள். தண்ணீர் இனிக்கும், எண் ஏறாது. இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள். எண் எங்கேயோ போய் நிற்கும்.

மீட்டரின் நுனியில் இருப்பவை இரண்டு உலோக முனைகள். நடுவில் உள்ள தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று மட்டும் அது அளக்கிறது. அந்த அளவை 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கி, பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) என்று திரையில் போடுகிறது. கடத்துவது உப்பா, சுண்ணாம்பா, நைட்ரேட்டா என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. மின்சாரம் கடத்தாத சர்க்கரையைப் போலவே பூச்சிமருந்தும் கிருமியும் அதற்குத் தட்டுப்படாது.

கரைந்த குரோமியம் மின்சாரம் கடத்தும்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 அதற்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். உங்கள் தண்ணீரிலோ மொத்தம் 870 மில்லிகிராம் கரைந்திருக்கிறது. மீட்டர் இரண்டு சதவீதம் முன்னே பின்னே காட்டுவது சகஜம். அதுவே 17 மில்லிகிராம். குரோமியம் வரம்பைப் போலப் பத்து மடங்கு இருந்தாலும் அரை மில்லிகிராம்தான். 17-க்குள் அது எங்கே தெரியப்போகிறது?

போர் போட்டவர் சொன்னது உப்பைப் பொறுத்தவரை சரி. 500-க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்கிறது அதே தரநிலை. ஆனால் நம் பகுதியில் உப்பும் குரோமியமும் சேர்ந்தே வரும் என்று சொல்ல முடியாது. டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், தோல் கெடாமலிருக்க உப்பு போடுகிறார்கள். பதப்படுத்துவது பெரும்பாலும் குரோமியம்-3 வைத்து. குரோமியத்தின் இரண்டு வடிவங்களில் அது ஒன்று, மற்றது குரோமியம்-6. பாலாற்றுப் படுகைக் கிணறுகள் உவர்ப்பாகிப் போனதும், 1996-இல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும்’ என்று தீர்ப்பளித்ததும் இந்த டேனரிக் கழிவால்தான். குரோமியம்-3 பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நான் பயப்படுவது குரோமியம்-6-க்கு. 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று ராணிப்பேட்டையில் மலைபோல் விட்டுப்போன கழிவில் இருப்பது அதுதான். நன்றாகக் கரையும், நிலத்தடி நீரோடு நகரும். நிறைய இருந்தால் தண்ணீர் மஞ்சளிக்கும். வரம்பை ஒட்டி இருந்தால் நிறமும் தெரியாது, ருசியும் மாறாது.

எந்தச் சென்சாருக்கும் ஆளை அடையாளம் பிடிக்கும் ஒரு பகுதி வேண்டும். வீட்டில் சுகர் பார்க்கும் மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மின்சாரத்தைத்தான் அளக்கிறது. ஆனால் ஸ்டிரிப்பில் குளுக்கோஸைத் தேடிப் பிடிக்கும் ஒரு நொதி தடவியிருக்கிறது. அதனால் ரத்தத்தில் உப்பு இருந்தும் குழம்புவதில்லை. குரோமியம்-6-க்கு அந்த வேலையைச் செய்வது டைஃபினைல்கார்பசைடு என்ற மருந்து. அமிலம் கலந்த தண்ணீரில் சில சொட்டு விட்டால், குரோமியம்-6 இருந்தால் செவ்வூதா நிறம் எழும்பும். அதற்குள் 540 நானோமீட்டர் பச்சை ஒளியைப் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளப்பார்கள். நிறம் அடர அடர ஒளி குறையும். அளவு கிடைத்துவிடும். செல்போன் கேமராவில் இந்த நிறத்தைப் படித்துச் சொல்லும் முயற்சிகளும் உண்டு. ஆனால் அறை வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தெரியும். குழந்தை குடிக்கும் தண்ணீருக்கு அதை நம்பச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே ஆய்வுக்கூடத்துக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டக் கூடத்திலோ, என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள தனியார் கூடத்திலோ முதலில் போன் செய்து, "மொத்தக் குரோமியமும் குரோமியம்-6-ம் தனித்தனியாகப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். பாட்டிலையும் அவர்களிடமே வாங்குங்கள். மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டில் தருவார்கள். குரோமியம்-6-க்கு அந்தப் பாட்டில் ஆகாது. அமிலத்தில் அது குரோமியம்-3 ஆக மாறிவிடலாம். அதைத் தனியாகப் பிடித்து, ஐஸ் வைத்து, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டியிலிருந்து எடுக்காமல் போர் குழாயிலேயே பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு மூன்றாவதாக, கிருமி நீக்கிய ஒரு பாட்டில். மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஆர்.ஓ. விற்க வருபவர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு அதைக் கறுப்பாக்கிக் காட்டினால் பயந்துவிடாதீர்கள். கம்பியின் இரும்பு கரைந்து வரும் நிறம் அது. நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. குரோமியத்தைப் பெருமளவு தடுக்கும். அதனால் ஆர்.ஓ. போட்டிருந்தால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள்.

ரிப்போர்ட் வரும்வரை குழந்தைக்கு போர் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்க வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், குரோமியம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். குடிக்கவும் சமைக்கவும் காவிரி கூட்டுக் குடிநீர் வந்தால் அதைப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் கேன் தண்ணீர். குளிக்க, துவைக்க போர் தண்ணீர் போதும். தண்ணீர் மஞ்சளாக வந்தால் மட்டும் அதற்கும் தொடாதீர்கள்.