டெக் டைவிங்குக்கு எந்த பிசிடி? முதலில் முதுகை அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 33. உயரம் 154 செ.மீ., எடை 51 கிலோ. புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொண்டு, அந்தமானையும் சேர்த்து இதுவரை 130 டைவ் முடித்திருக்கிறேன். பெண்களுக்கான எக்ஸ்எஸ் ஜாக்கெட் பிசிடி (சிலிண்டரைத் தாங்கி, காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் கருவி) வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் டெக் கோர்ஸில் (பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிய டைவிங்) சேர இருக்கிறேன். என்றாவது ஒருநாள் மட்டக்களப்பில் ஹெர்மீஸ் கப்பலைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. கடையில் பெண்களுக்கென்றே வந்த டெக் பிசிடி என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். நண்பர்களோ பேக்பிளேட் வாங்கு, சைட்மவுண்டுக்கு (சிலிண்டரைப் பக்கவாட்டில் மாட்டும் முறை) போ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரட்டைச் சிலிண்டரை என் உடம்பு தாங்குமா என்ற பயமும் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: பேக்பிளேட்டும் விங்கும் (அதோடு சேர்த்து மாட்டும், மிதக்க வைக்கும் காற்றுப் பை) வாங்குங்கள். ஆனால் இரட்டைச் சிலிண்டருக்கான விங்கை இப்போதே வாங்க வேண்டாம்.

ஹெர்மீஸ், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அதைத் தாண்டிப் போகிறவர் முதுகில் இரட்டைச் சிலிண்டரும், மேலே வரும் வழியில் நின்று நின்று (இந்த நிறுத்தங்கள்தான் டெகோ) சுவாசிக்க டெகோ சிலிண்டர்களும் சுமக்க வேண்டும். உங்கள் ஜாக்கெட் ஒற்றைச் சிலிண்டருக்காகத் தைத்தது. இரட்டைச் சிலிண்டரை போல்ட் போட்டு முடுக்க அதில் இடமே கிடையாது.

பேக்பிளேட் என்பது வளைத்த ஓர் உலோகத் தட்டு, அவ்வளவுதான். ஐந்து செ.மீ. அகல வெப்பிங் ஒரே நாடாவாக அதன் ஓட்டைகள் வழியே ஓடி, தோள் பட்டையாகவும் இடுப்புப் பட்டையாகவும் ஆகிறது. ஃபுளோரிடா குகை டைவர்களிடமிருந்து வந்த முறை இது. அவர்களில் ஒருவரான வில்லியம் ஹோகார்த் மெயின் பெயரால் இதை ஹோகார்த்தியன் ஹார்னஸ் என்கிறார்கள். இதில் ஆண் மாடல், பெண் மாடல் என்று பிரிக்க ஒன்றுமில்லை. ஜாக்கெட்டில் எக்ஸ்எஸ் என்றால் யாரோ ஒருத்தியின் சராசரி அளவு. இங்கே நாடா உங்கள் தோளுக்கும் மார்புக்கும் இடுப்புக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் ஓடும். கடைக்காரர் காட்டும் பெண்கள் மாடலில் பஞ்சு வைத்த தோள்பட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை, விரைவில் கழற்றும் பக்கிள்கள் எல்லாம் இருக்கும். போட்டவுடன் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பஞ்சு மிதக்கும், பக்கிள் உடையும். பின்னதை ஆழத்தில் யாரும் விரும்ப மாட்டார்கள்.

அளவு பார்க்க வேண்டிய பொருள் தட்டுதான். வழக்கமான தட்டு நடுத்தர உயர ஆணின் முதுகுக்குப் பொருந்துவது. உங்கள் உயரத்தில் உடற்பகுதி குட்டையாக இருந்தால் அதன் கீழ் விளிம்பு வால் எலும்பில் இடிக்கும். கடையில் வெறும் தட்டையும் ஹார்னஸையும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள். கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனால் மேல் விளிம்பு விரல் நுனியில் தட்டுப்பட வேண்டும்; கீழ் விளிம்பு நாற்காலியில் இடிக்கக் கூடாது. இடித்தால் குட்டைத் தட்டு கேளுங்கள். ஆனால் ஒன்று: பயணத்துக்கென்று வரும் சில குட்டைத் தட்டுகளில் இரட்டைச் சிலிண்டருக்கான போல்ட் ஓட்டைகள் இருக்காது. மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் நடுவே 28 செ.மீ. (11 அங்குலம்) இருக்கிறதா என்று டேப் வைத்தே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், எஃகா அலுமினியமா? எஃகுத் தட்டு இரண்டரை முதல் மூன்று கிலோ இருக்கும், அலுமினியத் தட்டு ஒரு கிலோ அளவு. பெண் என்றால் லேசானதைக் கையில் கொடுப்பது கடைக்காரர்கள் பலருக்கும் பழக்கம். நீங்கள் எந்தச் சிலிண்டரோடு இறங்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. நம் பக்கம் அதிகமாகக் கிடைப்பது 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர். நிரம்பியிருக்கும்போது அது தண்ணீரில் முக்கால் கிலோ போல மூழ்கும். காலியாகும்போது சுமார் 2.7 கிலோ காற்று போய்விடுவதால் இரண்டு கிலோ அளவு மிதக்கத் தொடங்கும். இரண்டைக் கட்டினால் கடைசியில் நான்கு கிலோ உங்களை மேலே இழுக்கும், அதுவும் டெகோவுக்காக அசையாமல் நிற்க வேண்டிய நேரத்தில். அதைச் சமாளிக்க ஈயத்தை இடுப்பில் கட்டுவதற்குப் பதில் எஃகுத் தட்டாக முதுகில் பரப்பி வைப்பது நல்லது. எஃகுச் சிலிண்டர் கிடைக்கும் இடத்தில் கணக்கு தலைகீழ். அங்கே அலுமினியத் தட்டு போதும். உங்களுக்கு என் ஓட்டு எஃகுக்கு. இப்போதுள்ள ஒற்றைச் சிலிண்டரோடு அதைப் போட்டால், 3 மி.மீ. வெட்சூட்டில் (ரப்பர் டைவ் உடை) ஈயமே தேவைப்படாமலும் போகலாம். சிலிண்டரில் 50 பார் மிச்சம் வைத்து, மூன்று மீட்டர் ஆழத்தில் விங்கைக் காலி செய்து நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

விங் விஷயத்தில் நான் ஏமாந்தவள். எதற்கும் இருக்கட்டும் என்று முதலிலேயே 27 கிலோ தூக்கும் இரட்டைச் சிலிண்டர் விங்கை வாங்கி, ஒற்றைச் சிலிண்டரில் போட்டேன். அது இரண்டு பக்கமும் தோசை போல மடிந்து சிலிண்டரைச் சுற்றிக்கொண்டது. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றவே பாதி டைவ் போனது. இப்போதைக்கு 13 கிலோ அளவில் ஒடுக்கமான ஒற்றை விங் போதும். தட்டும் ஹார்னஸும் அதேதான், கோர்ஸ் வரும்போது விங்கை மட்டும் மாற்றுங்கள். அப்போதும் பெரிது வேண்டாம். இரண்டு அலுமினியச் சிலிண்டரின் காற்று ஐந்தரை கிலோ அளவு, ஆழத்தில் நசுங்கும் வெட்சூட்டுக்கு ஒன்றிரண்டு கிலோ, ஆக ஏழு கிலோ. டெகோ சிலிண்டர், மேலே வந்தால் தலை தண்ணீருக்கு வெளியே நிற்க வேண்டியது எல்லாம் சேர்த்தாலும் 18 கிலோ விங் தாராளம்.

அந்த ஏழு கிலோவை வேறு விதமாகவும் யோசிக்க வேண்டும். ஆழத்தில் விங் கிழிந்தால் அந்த எடையைக் கால் துடுப்பை உதைத்தே மேலே கொண்டுவர முடியுமா? 51 கிலோ உடம்புக்குச் சிரமம்தான். குளிர் நாட்டில் உள்ளே காற்று விடக்கூடிய டிரைசூட் மாற்றாக உதவும். வெட்சூட்டில் அது இல்லை. அதனால் இரட்டைப் பை கொண்ட விங்கைப் பற்றி உங்கள் பயிற்றுநரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தாங்குமா என்ற பயத்துக்கு வருகிறேன். முழு ட்வின்செட் (இரட்டைச் சிலிண்டர் தொகுதி) படகில் 40 கிலோவைத் தொடும். உங்கள் எடையில் முக்கால் பங்குக்கும் மேல். அதை முதுகில் வைத்துக்கொண்டு நடக்கத் தேவையில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே மாட்டி, அங்கிருந்தே பின்னால் சாயலாம். ஏறும்போது தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிடலாம். முதல் வருடம் முழுக்க எனக்குப் படகுக்கார அண்ணன்கள்தான் இழுத்துப் போட்டார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடையை விட முக்கியம், முதுகுக்குப் பின்னால் இருக்கும் வால்வுகளை உங்கள் கை எட்டுகிறதா என்பது. ஒருநாள் யாருடைய ட்வின்செட்டையாவது கடன் வாங்கி நீச்சல்குளத்தில் முயன்று பாருங்கள். எட்டாவிட்டால் தோளைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் சிலிண்டர் கீழே இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் தோள்பட்டையை நீங்கள் இறுக்கியிருப்பீர்கள். இரண்டு விரல் தாராளமாக நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள். ஹார்னஸைப் பிடித்து நிறுத்துவது கால்களுக்கிடையே வரும் க்ராட்ச் ஸ்ட்ராப்பின் வேலை. இவ்வளவும் செய்து தோளோ முதுகுத்தண்டோ ஒத்துழைக்கவில்லை என்றால் சைட்மவுண்டுக்குப் போகலாம். சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கி மாட்டிக்கொள்ளலாம், வால்வும் கண்ணெதிரே இருக்கும். ஆனால் குட்டை உடம்பில் நாலு சிலிண்டர் தொங்கும்போது பக்கவாட்டில் இடமே இருக்காது. அதனால்தான் அதை இரண்டாவதாகச் சொல்கிறேன்.

சாமான்களைக் கொக்கி போட்டு மாட்டும் டி-ரிங்கை அக்குளுக்கு நேர் முன்னால் வையுங்கள். மார்பின் மேடு நாடாவை வெளிப்பக்கம் தள்ளும் என்பதால் ஆண்களின் அளவைப் பார்த்து வைத்தால் கை தடுமாறும். மிச்சமாகத் தொங்கும் வெப்பிங்கை முதல் பத்து டைவ் வரை வெட்ட வேண்டாம். நான் முதல் நாளே அழகாக வெட்டி, முனையைத் தீயில் உருக்கி முடித்தேன். 5 மி.மீ. வெட்சூட் போட்ட அன்று இடுப்பில் பக்கிள் எட்டவில்லை. நாலு மீட்டர் நாடா புதிதாக வாங்க வேண்டி வந்தது.