"பையன்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்"

கேள்வி: சிறிய ஊரில் பொது மருத்துவராக இருக்கிறேன். 23 வயது இளைஞர் ஒருவருக்கு மூன்று மாதமாகக் காதில் குரல் கேட்கிறது. பக்கத்து வீட்டார் தனக்கு எதிராகச் சதி செய்வதாகவும் சொல்கிறார். அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் மாத்திரை தொடங்கி, சீட்டில் 'சைக்கோசிஸ், ?ஸ்கிசோஃப்ரினியா' (நிஜம் எது, இல்லாதது எது என்று பிரித்தறிய முடியாத நிலை; ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோயாக இருக்கலாம் என்ற சந்தேகம்) என்று எழுதி, இடையில் என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அப்பாவோ, "நரம்புக்குச் சத்து மாத்திரைன்னு சொல்லிடுங்க" என்று கெஞ்சுகிறார். நோயைப் பற்றி அந்த இளைஞரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: சத்து மாத்திரை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அட்டையில் ரிஸ்பெரிடோன் என்றோ ஒலான்சபின் என்றோ மனநோய் மருந்தின் பெயர் அச்சாகியிருக்கும். போனில் தேடினால் நொடியில் தெரிந்துவிடும். ஏற்கெனவே சதி என்று பயந்து கிடப்பவருக்கு, டாக்டரும் அப்பாவும் சேர்ந்து பொய் சொன்னது அதற்கு ஒரு சாட்சியாகிவிடும். மாத்திரை அன்றோடு நின்றுபோகும்.

சட்டமும் இளைஞர் பக்கம்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி நோயின் தன்மை, சிகிச்சை, பக்கவிளைவு எல்லாவற்றையும் தனக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. முழுவதையும் கேட்கும் நிலையில் இன்று இல்லையா, அந்த நிலைக்கு வந்ததும் சொல்ல வேண்டும். சொல்லாமலே விட வழியில்லை.

அப்பாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஊருக்குத் தெரிந்துவிடுமோ, கல்யாணம் நடக்குமா என்ற பயம் அவருக்கு. "நானாகப் பெயரைச் சொல்லி மிரட்ட மாட்டேன். ஆனால் அவர் கேட்டால் மறைக்கவும் மாட்டேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் இளைஞரோடு தனியாக உட்காருங்கள். அப்பா கூட இருக்கலாமா என்பதை அவரே சொல்லட்டும். கதவைச் சாத்தி, கம்பவுண்டரை வெளியே அனுப்புங்கள். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே பேசும் விஷயமில்லை இது. நோயின் பெயரிலிருந்து தொடங்காமல், அவருக்கே தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்: "இந்த மூணு மாசமா என்ன நடக்குதுன்னு நீங்க நினைக்கிறீங்க?" செய்வினை என்பார், ஆபீஸ் டென்ஷன் என்பார். மறுக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "அந்தக் குரல் உங்களுக்கு நிஜமாவே கேட்குது. எனக்குக் கேட்கலை. ஆனா நீங்க ராத்திரி தூங்காம தவிக்கிறது எனக்குப் புரியுது" என்றால் போதும். தூக்கமும் பயமும்தான் அவர் தன் வாயால் ஒத்துக்கொள்ளும் தொல்லைகள். சிகிச்சைப் பேச்சை அங்கிருந்து எடுத்துச் செல்வது எளிது.

பிறகு, "இதைப் பற்றி எவ்வளவு விவரமா தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" என்று கேட்டுவிட்டு, சைக்கோசிஸ் என்ற பெயரைச் சொல்லலாம். மூளை தகவலைக் கையாளும் விதத்தில் கோளாறு வந்தால் இல்லாத குரலும் நிஜமாகக் கேட்கும், இது பலருக்கு வருகிறது, மருந்து உண்டு. இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்த அமைதியை உடனே ஆறுதல் சொல்லி நிரப்பத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள்.

சீட்டில் ஸ்கிசோஃப்ரினியாவுக்கு முன்னால் உள்ள கேள்விக்குறியையும் மறைக்காதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 கணக்கில் ஸ்கிசோஃப்ரினியா என்று உறுதி செய்ய அறிகுறிகள் ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி ஒரு மாதமே போதும் என்கிறது. அவர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டுக் கேட்டால், "அதுவா இருக்கலாம், இன்னும் முடிவாகலை. இப்போதைக்கு மருந்து இதுதான்" என்பதே நேர்மையான பதில்.

எத்தனை நாள் மாத்திரை என்று கட்டாயம் கேட்பார். குணமான பிறகும் குறைந்தது ஒரு வருடம் என்று சொல்லுங்கள். எடை கூடுவது, கை நடுக்கம், தூக்கக் கலக்கம் இவற்றையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கல்யாணம், வேலை? நோய் கட்டுக்குள் இருந்தால் பலருக்கும் இரண்டும் முடிகிறது. எல்லோருக்கும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

எழுவதற்கு முன் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நோயைப் புரிந்துகொள்ளும் ஆரம்ப மாதங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். உண்டு என்றால் அன்றே மனநல மருத்துவரிடம் பேசுங்கள், தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இல்லை என்றாலும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416ஐ அவர் போனிலும் அப்பா போனிலும் பதியச் சொல்லிவிட்டு, ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொல்லுங்கள். முதல் நாள் சொன்னதில் பாதி அவர் மனதில் நின்றிருக்காது. மீதியை அன்று பேசிக்கொள்ளலாம்.